ஓரத்தில் ஒரு நாற்காலி போடுங்கள், சென்சே

சிங்கப்பூரில் ஷோட்டோகான் வகைக் கராத்தே கற்றுத்தரும் ஆசிரியர்களாகிய சென்சேமார்களுக்கும், வகுப்பில் அவர்களுக்குத் துணைநிற்கும் மூத்த மாணவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் தமிழர் பலர் இருக்கிறீர்கள். பிள்ளைகளை அழைத்துவரும் தமிழ்ப் பெற்றோர் அதைவிடப் பலர். அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

எனக்கு வயது 48. தீவின் வடகிழக்கில் உள்ள ஒரு சமூக மன்றத்தின் மூன்றாம் மாடி மண்டபத்தில் எட்டு ஆண்டுகளாகப் பயில்கிறேன். மகன் தொடக்கநிலை ஒன்றில் இருந்தபோது அவனைச் சேர்த்துவிட வந்தவள் நான். சில மாதங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். இப்போது இருவருமே கறுப்புக்கு முந்தைய பிரவுன் பெல்ட். இந்தக் கலை எனக்குத் தந்ததற்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. இருவர் இருவராகச் சுதந்திரமாக மோதிப் பழகும் ஜியூ குமிதே நடந்துகொண்டிருந்தது. என் மகனுக்கு எதிரே நின்றவர் வளர்ந்தவர், எடையும் கூடியவர். அவருடைய மாவாஷி கெரி, அதாவது சுழற்றி விடும் உதை, மகனின் காதுக்கு மேலே வந்து விழுந்தது. பக்கத்து இணையில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. மகன் ஒரு கணம் தடுமாறினான், தலையைத் தேய்த்துக்கொண்டான், "ஓஸ்" என்று குனிந்து வணங்கிவிட்டு மறுபடியும் காமாயே என்ற தயார்நிலையில் நின்றான். இன்னும் இரண்டு சுற்று ஆடினான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளை தாங்கிக்கொண்டானே என்று பெருமைப்பட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தமிழ் வாய்மொழித் தேர்வுக்காக என் எதிரே உட்கார்ந்து ஒரு பத்தியை வாசித்துக் காட்டினான். நன்றாகத் தமிழ் வாசிக்கும் பையன். அன்று ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவினான். திரும்பவும் தாவினான். விளக்கு கண்ணைக் கூசுகிறது, அணைக்கட்டுமா என்று கேட்டான்.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்தும்மா. தலை வலிச்சுக்கிட்டே இருக்கு."

"ஏன் சொல்லல?"

"அடுத்த வாரம் பெல்ட் கிரேடிங் தேர்வு இருக்குல்ல. சென்சேகிட்ட சொல்லிடாதீங்கம்மா." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான்: "நீங்களும்தான் உங்க முட்டிய யார்கிட்டயும் சொல்லல."

சென்சேமார்களே, அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவன் சொன்னது உண்மை. முந்தைய ஆண்டு நெடுநாள் இடது முட்டி வீங்கியிருந்தும், உள்ளே பட்டை கட்டிக்கொண்டு, மேலே கராத்தே உடையை இழுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் சென்சே கடுமையானவர் என்றாலும் ஈவிரக்கம் உள்ளவர். கேட்டிருந்தால் நிச்சயம் உட்காரச் சொல்லியிருப்பார். மகனுக்கு அடிபட்ட அன்றும், தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார். ஆனால் வகுப்பு தொடங்கி முடியும்வரை, "எனக்கு அடிபட்டிருக்கிறது" என்று சொல்வதற்கு ஒரு வேளையும் இல்லை, ஓர் இடமும் இல்லை. வரிசையில் நிற்கிறோம், மண்டியிட்டு வணங்குகிறோம், எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். நடுவில் கையைத் தூக்குகிறவர் எல்லோருடைய பயிற்சியையும் நிறுத்துகிறவர் ஆகிவிடுகிறார். பிள்ளைகள் இதை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறார்கள்.

மருத்துவர் அதைக் கன்கஷன் என்றார். மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கிப்போவது. அவர் சொல்லித்தான் சில விஷயங்கள் எனக்குத் தெரிந்தன. உங்களில் சிலருக்கு இவை நன்றாகத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கன்கஷன் என்றால் மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, மந்தமாக இருப்பது, காரணமில்லாமல் எரிந்துவிழுவது, இவைதான் அடையாளம். சில வேளை அடுத்த நாள்தான் தலைகாட்டும். தலைக்கவசம் தோல் கிழியாமல் காக்கும், பல் காப்பு பல்லைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை இரண்டும் தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் விளைவு மிக மோசமாகலாம், வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். என் மகன் அந்த அடிக்குப் பிறகு இரண்டு சுற்று ஆடினான் என்பதை அங்கே உட்கார்ந்து நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

2022ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அனைத்துலக நிபுணர்கள் இதற்கொரு வழிமுறையை வகுத்திருக்கிறார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. அதற்காக இருட்டறையில் படுத்துக் கிடக்க வேண்டாம், மெல்ல நடக்கலாம். பிறகு பயிற்சிக்குத் திரும்ப ஆறு படிகள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பள்ளிப் பாடம் முன்னே, விளையாட்டு பின்னே. மோதல் உள்ள பயிற்சிக்குத் திரும்புமுன் மருத்துவரின் ஒப்புதல். எங்கள் வீட்டில் இதெல்லாம் முடிய ஐந்து வாரமாயிற்று. கிரேடிங் போனது. போகட்டும்.

ஷோட்டோகான் நமக்கு ஃபுனாகோஷி கிச்சின் வழியாக வந்தது. ஒகினாவாவின் ஷூரியில் பிறந்த பள்ளி ஆசிரியர் அவர். 1922ல் தோக்கியோவுக்குப் போனபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மாணவர்களுக்கு அவர் விட்டுச்சென்ற 20 நெறிகளில் ஒன்று, கவனக்குறைவிலிருந்தே கேடு பிறக்கிறது என்கிறது. தாக்குதலை முதலில் தொடங்காதே என்ற நெறியை எல்லா வகுப்பிலும் சொல்கிறோம், சட்டையில்கூட அச்சடிக்கிறோம். இந்த நெறியை எட்டு ஆண்டில் எந்த வகுப்பிலும் யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

அவர் காலத்துப் பயிற்சியில், வரிசைப்படி தனியாகச் செய்யும் காத்தாதான் உயிர். இன்று நாம் செய்யும் குமிதே வடிவங்கள் பெரும்பாலும் 1930களில் பல்கலைக்கழக மாணவர்களும் அவருடைய மகன் ஃபுனாகோஷி கிகோவும் சேர்ந்து வளர்த்தெடுத்தவை. ஃபுனாகோஷி மறைந்தது 1957ல். ஜப்பான் கராத்தே சங்கம் முதல் தேசியப் போட்டியை நடத்தியதும் அதே ஆண்டில்தான். ஆக, சுதந்திரமாக மோதும் குமிதே இந்தக் கலையின் வயதோடு பார்த்தால் இளையது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கும். எதிரே ஓர் ஆள் நிற்கும்போதுதான் மாஆய் என்ற தூரக் கணக்கு உடம்புக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குமிதேயைச் சாத்தியமாக்கியதே சுன்தோமே என்ற கட்டுப்பாடுதான். முழு வேகத்தில் போகும் முஷ்டியைத் தோலுக்கு ஒரு நூலளவு முன்னே நிறுத்துவது. அதுதான் கடினம். ஒருவரை அடிப்பதற்கு எட்டு ஆண்டு பயிற்சி தேவையில்லை, நிறுத்துவதற்குத் தேவை.

இதை மூத்த மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். தம்பிகளே, தங்கைகளே, அண்ணன்மார்களே, உங்கள் அடி ஒரு சிறுவனின் தலையில் பட்டால் அது உங்கள் நுட்பத்தில் வந்த பிழை. "அவன்தான் உள்ளே வந்துட்டான்", "பிளாக் பண்ணத் தெரியல" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். போட்டி விதிகளே தன்னைக் காத்துக்கொள்ளாதவருக்குக் குற்றம் கணிக்கின்றன. ஆனால் உங்களுக்குக் கறுப்பு பெல்ட், அவனுக்குப் பச்சை பெல்ட். அவன் உள்ளே வருவான் என்று முன்கூட்டியே அறிவது உங்கள் பாடம். அடித்தவர் அந்தச் சுற்றில் உட்கார வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தால் நல்லது. தண்டனையாக வேண்டாம். அடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கவனித்துக்கொள்வதற்காக.

உலகக் கராத்தே சம்மேளனத்தின் போட்டிகளில் பத்து நொடி விதி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். விழுந்தவர் பத்து நொடிக்குள் எழுந்து நிற்காவிட்டால் அந்தப் போட்டியில் அவருக்கு மேற்கொண்டு குமிதே கிடையாது. பக்கத்தில் மருத்துவர் இருப்பார், நடுவர்கள் இருப்பார்கள், முகத்தில் பலமாகப் படும் அடிக்கு எச்சரிக்கை வரும். பதக்கத்துக்காக மோதுகிற இடத்தில் இத்தனை காவல். நம் வெள்ளிக்கிழமை வகுப்பில், பதக்கம் எதுவும் இல்லாத இடத்தில், எதுவுமே இல்லை. தலையில் அடிபட்டால் அன்றைக்கு அவ்வளவுதான் என்ற ஒற்றை விதியை நீங்கள் போட்டால் போதும். "முடியுமா?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். அவன் முடியும் என்றுதான் சொல்வான். பெற்றோருக்கு அன்றிரவே சொல்லிவிடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

குமிதேயில் படிகள் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஐந்து எட்டுப் பின்னால் போகும் கோஹோன், பிறகு மூன்று எட்டு சன்போன், பிறகு ஒரே தாக்குதல் உள்ள இப்போன், பிறகு இன்னும் சுதந்திரமான ஜியூ இப்போன், கடைசியில் ஜியூ குமிதே. எங்கே அடிக்கப் போகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு அடிக்கும் அந்த முறையை நான் ஆரம்பத்தில் நடனம் மாதிரி என்று எண்ணினேன். இப்போது அதன் அருமை தெரிகிறது. இரண்டு பேருக்கும் பயம் வடிய அது நேரம் தருகிறது. பயந்தவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாய்கிறார், பயந்தவர்தான் நிறுத்தத் தெரியாமல் அடிக்கவும் செய்கிறார். போட்டி நெருங்குகிறது என்று பச்சை பெல்ட் பிள்ளைகளை நேராக ஜியூ குமிதேக்கு இறக்கிவிடும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

என் முட்டிக்கு வருகிறேன். அது யாரும் அடித்து வந்ததில்லை. மண்டபத்தில் நாம் விரிக்கும் ரப்பர் பாய்கள் இருக்கின்றனவே, பல் பல்லாகக் கோத்துப்போடுவது, அதன்மேல் நம் ஊர்ப் புழுக்கத்தில் முப்பது பேருடைய வியர்வை. ஒரு பக்கம் வழுக்கும், இன்னொரு பக்கம் பாதம் ஒட்டிக்கொள்ளும். கியாக்கு சுக்கி என்ற எதிர்க்கைக் குத்துக்கு இடுப்பைத் திருப்பினேன், பாதம் திரும்பவில்லை. நடுவில் இருந்த முட்டிதான் திரும்பியது. ஜவ்வு கிழிந்திருப்பது பல மாதம் கழித்து ஸ்கேனில் தெரிந்தது. அதுவரை கோடாரித் தைலமும் ஐஸும்தான். சுளுக்கு என்றால் ஐஸ் வை, அசையாதே என்று நாமெல்லாம் சொல்வது 1978ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய முறை. ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014ல் அவரே மாற்றிச் சொல்லிவிட்டார். வலிக்கு ஐஸ் வைப்பதில் தவறில்லை. ஆனால் ஐஸ் வைத்துவிட்டால் வைத்தியம் ஆயிற்று என்று பல மாதம் ஓட்டினேனே, அது தவறு.

பிஸியோதெரபிஸ்ட் ஒரு பெண், வயதில் என் தங்கை மாதிரி. முன்முட்டியை மடக்கி நிற்கும் ஸென்குத்சு தாச்சி நிலையில் நின்று காட்டச் சொன்னார். முன்முட்டி உள்பக்கம் சாய்வதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினார். முட்டி கால்விரல் நோக்கும் திசையிலேயே நிற்க வேண்டும். வகுப்பில் "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்ற குரலைத்தான் கேட்டேனே தவிர, முட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நான் கவனித்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல் சேர்கிறவர்கள் இப்போது எல்லா மன்றங்களிலும் இருக்கிறோம். தாழ்ந்த நிலை அழகு என்பது எங்களுக்கும் தெரியும். அதற்கு வேண்டிய தொடை வலு வரும்வரை இரண்டு அங்குலம் உயரமாக நிற்க எங்களுக்கு அனுமதி தாருங்கள்.

இங்கே சில சின்ன விஷயங்கள். முயல் தாவலை ஜப்பானியப் பள்ளிகளே முட்டிக்குக் கேடு என்று கைவிட்டுவிட்டன, நம் வகுப்புகள் சிலவற்றில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. காலை விரித்து உட்கார்ந்திருப்பவரின் முதுகில் இன்னொருவர் ஏறி அழுத்துவதும் அப்படியே. தொடைத் தசை கிழிந்த ஒரு மாணவி பிறகு எங்கள் வகுப்புக்குத் திரும்பி வரவே இல்லை. பாயைத் துடைக்க ஒரு துணி, இடைவேளையில் ஐந்து நிமிடம். சேய்சாவில் மண்டியிட முடியாதவர்கள் சம்மணம் போட்டு உட்காரலாம் என்று நீங்கள் ஒருமுறை உரக்கச் சொன்னால் போதும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சம்மணமிட்டுத்தான் சாப்பிட்டார்கள், சாமி கும்பிட்டார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இனி அந்த நாற்காலி. ஸ்கேன் முடிவு வந்தபின் வகுப்பையே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விடைபெறப் போன அன்று வேறொரு வகுப்பிலிருந்து வந்திருந்த மூத்த சென்சே ஒருவர் பாடம் நடத்தினார். விஷயத்தைக் கேட்டார். ஒன்றும் பேசாமல் மூலையில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை எடுத்து வந்து, பாயின் ஓரத்தில், வரிசைக்கு நேராகப் போட்டார். "உட்காருங்க. கை நல்லாத்தானே இருக்கு" என்றார். அன்று உட்கார்ந்தபடியே நூறு சுக்கி போட்டேன். பின்னால் இழுக்கும் கையை நான் எவ்வளவு சோம்பலாக வைத்திருந்தேன் என்பது, கால் வேலை செய்யாதபோதுதான் தெரிந்தது. வகுப்பு எண்ணும்போது நானும் எண்ணினேன், இச்சி, நீ, சான், வகுப்போடு கியாய் முழக்கம் கொடுத்தேன்.

நான்கு மாதம் அந்த நாற்காலியில் இருந்தேன். பிள்ளைகள் அடித்துப் பழக பேட் பிடித்தேன். குமிதே நடக்கும்போது நேரம் பார்த்தேன். புதியவர்கள் எதிராளியின் முஷ்டியையே வெறிப்பதும், மூத்தவர்கள் தோளையும் மார்பையும் மொத்தமாகப் பார்ப்பதும் அங்கிருந்துதான் எனக்குப் புலப்பட்டது. வீட்டில் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நின்றேன், புளோக் படிக்கட்டில் ஒரு படி மட்டும் இறங்கி ஏறினேன், நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். பக்கவாட்டிலேயே நகரும் தெக்கி ஷோதான் காத்தாவைச் சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவே, அரையளவு உயரத்தில், மெதுவாகச் செய்தேன். திரும்பி வந்து எழுந்து நின்றபோது என் மாஆய் முன்னைவிடச் சரியாக இருந்தது என்று எங்கள் சென்சேயே சொன்னார்.

அடிபட்டவர்கள் பெரும்பாலும் வலியால் கராத்தேயை விடுவதில்லை. நான்கு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, உடல் கனத்து, கற்றது மறந்து, தம்பியாக இருந்தவன் தனக்கு மேல் பெல்ட் கட்டியிருப்பதைப் பார்க்க வெட்கப்பட்டு விடுகிறார்கள். அவர்களை வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். எல்லாச் சமூக மன்றத்திலும் அது அடுக்கடுக்காக இருக்கிறது.

நான் கேட்பது அதிகமில்லை. தொடக்க வணக்கத்துக்கு முன் ஒரு நிமிடம், "இன்றைக்கு யாருக்கு என்ன அடி?" என்று வரிசையைப் பார்த்துக் கேளுங்கள். கறுப்பு பெல்ட்காரர்கள் முதலில் பதில் சொல்லட்டும். உங்கள் தோளில் வலி இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். 20 ஆண்டு, 30 ஆண்டு பயின்றவர்களுக்கு இடுப்பிலும் முட்டியிலும் ஏதாவது இல்லாமல் இருக்காது, எங்களுக்குத் தெரியும், நீங்கள் மண்டியிட்டு எழும் விதத்தைப் பார்த்திருக்கிறோம். ஓய்வெடுத்த வாரங்களை வைத்து கிரேடிங் பட்டியலிலிருந்து பெயரை எடுக்காதீர்கள், தள்ளிப்போடுங்கள். வயது, எடை பார்த்து இணை சேருங்கள். இரண்டு ஆண்டில் என் மகனும் அவன் வயதுப் பையன்களும் தேசிய சேவைக்குப் போவதைப் பற்றி நினைக்கத் தொடங்குவார்கள். தலையும் முட்டியும் முழுசாகப் போகட்டும்.

மகன் திரும்பி வந்துவிட்டான். அவனை அடித்தவர், அவன் வந்த அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து அவன் தோளில் கைவைத்து மன்னிப்புக் கேட்டார். அதை நான் மறக்க மாட்டேன். இப்போது இருவரும் இப்போன் குமிதேயில் மறுபடி இணை சேர்கிறார்கள்.

இந்த வாரம் என் முட்டி மறுபடியும் லேசாக வீங்கியிருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு ஏழேகாலுக்கே வருவேன். வரிசையில் நிற்குமுன் சென்சேயிடம் போய், முட்டி சரியில்லை, இன்றைக்கு உதை வேண்டாம், என்று சொல்வேன். மகன் பக்கத்தில் பெல்ட் கட்டிக்கொண்டிருப்பான். அவன் காதில் விழுகிற தூரத்தில் நின்றுதான் சொல்வேன்.

மரியாதையுடன்,
ஒரு பிரவுன் பெல்ட் மாணவி